‘டேக் அம்ப்ரிஜ்’ என்றால் என்ன? கோவித்துக்கொள்வது பற்றிய ஓர் ஆங்கிலத் தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கங்களில் ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளும், தொண்டு நிறுவனங்களில் அறிக்கை எழுதுகிற இளையவர்களும், லண்டனிலும் ரொரன்ரோவிலும் இருக்கிற சொந்தக்காரரோடு வட்ஸ்அப்பில் மாரடிக்கிறவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அகராதி இந்தத் தொடருக்கு ‘மனத்தாங்கல் கொள்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுகிறது. பொருள் அதுதான். ஆனால் யார் சொல்லலாம், யாரைப் பற்றிச் சொல்லலாம், எந்த இடத்தில் சொன்னால் வில்லங்கம் என்பது அந்த ஒரு வரியில் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், என்ன பொருள்?

யாரோ சொன்னதோ செய்ததோ தன்னுடைய மரியாதையைக் குறைத்துவிட்டது என்று ஒருவர் நினைக்கிறார்; நினைத்ததோடு நில்லாமல் அதை முகத்திலோ பேச்சிலோ நடத்தையிலோ காட்டுகிறார். இதுதான் ‘டேக் அம்ப்ரிஜ்’.

உங்கள் சைக்கிளை யாரோ களவெடுத்தால் வருகிற கோபம் இது இல்லை. பக்கத்து வீட்டு மாடு வயலுக்குள் இறங்கி நெல்லை மேய்ந்தால் வருகிற கோபமும் இது இல்லை. அங்கே பொருள் போனது, உழைப்புப் போனது. அம்ப்ரிஜ் வருவதற்குப் பொருள் எதுவும் போகத் தேவையில்லை. பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியில் மங்கள விளக்கேற்ற ஊரில் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டு உங்களை மட்டும் கூப்பிடாமல் விட்டால், அங்கே வருவதுதான் அம்ப்ரிஜ்.

எங்களுடைய பேச்சில் இதற்குக் கிட்டிய சொல் எது?

‘கோவித்துக்கொள்ளுதல்’. வன்னியில் ஒருவர் “அவையோட எங்களுக்குக் கோவம்” என்றால் அடிபிடி நடந்தது என்று அர்த்தமில்லை. கதைபேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை, செத்தவீட்டுக்கு மட்டும் முகம் காட்டுவோம் என்று அர்த்தம்.

ஒரு கலியாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முத்தையன்கட்டில் மாப்பிள்ளை வீட்டார் ஊர் முழுக்க வீடு வீடாய்ப் போய்க் கார்ட் கொடுத்தாயிற்று. துணுக்காயில் இருக்கிற பெரியப்பா ஒருவருக்கு மட்டும், தூரம் என்பதாலும் நாள் நெருங்கிவிட்டது என்பதாலும், கார்ட்டைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு “பெரியப்பா, கட்டாயம் வரோணும்” என்று குரல்பதிவும் போட்டாயிற்று. பெரியப்பா கேட்டார். நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை. கலியாணத்தன்று பெரியம்மாவும் பிள்ளைகளும் வந்தார்கள், அவர் வரவில்லை. ஏன் என்று கேட்டால் “அவருக்கு நாரிப்பிடிப்பு” என்றார் பெரியம்மா, கேட்டவரின் முகத்தைப் பார்க்காமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு. நாரிப்பிடிப்பு என்ற மனுசன் அன்று பின்னேரம் வயலில் குனிந்து வரம்பு கட்டிக்கொண்டு நின்றதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். “படலை திறந்து வந்து சொல்லாத கலியாணத்துக்கு நான் என்னத்துக்கு?” இது அவருடைய நியாயம். மதியாதார் வாசலை மிதியாதே என்று அவருக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதை ஆங்கிலத்தில் சொல்வதென்றால்: ‘ஹீ டுக் அம்ப்ரிஜ் அட் பீயிங் இன்வைட்டட் ஓவர் வட்ஸ்அப்’. அவர் சத்தம் போடவில்லை, யாரையும் ஏசவில்லை, அவருக்கு ஒரு சதம் நட்டமும் இல்லை. முறை தவறிவிட்டது, தன்னை ஒரு ஆளாக மதிக்கவில்லை என்பதுதான் விசயம். கோயில் திருவிழாவில் காளாஞ்சி யாருக்கு முதலில் கொடுத்தார்கள், நோட்டீஸில் பெயர் எத்தனையாவது வரியில் வந்தது, கூட்டத்தில் கதிரை முன்வரிசையில் போட்டார்களா என்பதெல்லாம் இந்தத் தொடருக்கென்றே செய்துவைத்த இடங்கள்.

ஆனால் கோவித்துக்கொள்வது எல்லாமே அம்ப்ரிஜ் இல்லை. ஃபோன் தரவில்லை என்று பிள்ளை சாப்பிடாமல் குப்புறப் படுத்திருந்தால் அதையும் நாங்கள் “கோவிச்சுக்கொண்டு படுத்திட்டான்” என்போம். ஆங்கிலத்தில் அது ‘சல்க்’. புருசன் பெண்சாதி இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருப்பதும் அம்ப்ரிஜ் இல்லை. இந்தத் தொடரில் கௌரவம், அந்தஸ்து, சபை மரியாதை என்று ஏதாவது ஒன்று அடிபட்டிருக்க வேண்டும்.

எப்படி உச்சரிப்பது?

அம்-ப்ரிஜ். முதல் அசையில் அழுத்தம். கடைசியை ‘ரேஜ்’ என்று இழுக்க வேண்டாம். ‘கபிஜ்’, ‘வில்லிஜ்’ என்று எப்படிச் சொல்கிறீர்களோ அதே முடிவுதான்.

வசனத்தில் எப்படிப் போடுவது?

வினைச்சொல் ‘டேக்’. இறந்த காலத்தில் ‘டுக்’. அம்ப்ரிஜுக்கு முன்னால் ‘அன்’ வராது, பன்மையும் கிடையாது. பின்னால் வருகிற சொல் ‘அட்’. வேறு முன்னிடைச்சொற்களோடும் சிலர் எழுதுகிறார்கள் என்றாலும், ‘அட்’ போட்டால் யாரும் பிழை பிடிக்க மாட்டார்கள். எவ்வளவு என்று காட்ட ‘கிரேட் அம்ப்ரிஜ்’, ‘சம் அம்ப்ரிஜ்’ என்று சேர்க்கலாம். ‘அம்ப்ரிஜ்ட்’ என்று வினையாக்குவதும், ‘ஷீ மேட் அம்ப்ரிஜ்’ என்று எழுதுவதும் கூடாது. ‘கிவ் அம்ப்ரிஜ்’, அதாவது மனத்தாங்கலுக்கு இடம் கொடுத்தல், பழைய எழுத்தில் உண்டு. இப்போது யாரும் எழுதுவதில்லை.

‘அட்’டுக்குப் பிறகு என்ன வருகிறது என்பதில்தான் எங்கள் பிள்ளைகள் இடறுகிறார்கள். தமிழில் கோவம் ஆளோடு: “மாமாவோட கோவம்.” ஆங்கிலத்தில் அம்ப்ரிஜ் பெரும்பாலும் சொல்லோடு, செயலோடு. மாமா சொன்ன வார்த்தைக்கு, மாமா செய்த வேலைக்கு, கூப்பிடாமல் விட்டதற்கு. ஆகவே ‘அட் மை அங்கிள்’ என்று எழுதாமல் ‘அட் வட் மை அங்கிள் செட்’ என்று எழுதுங்கள். பெயர்ச்சொல் இல்லாவிட்டால் ‘பீயிங் லெஃப்ட் அவுட்’, ‘பீயிங் கோல்ட் லேஸி’ போன்ற வடிவம் வரும். ஒதுக்கப்பட்டதற்கு, சோம்பேறி என்று சொல்லப்பட்டதற்கு என்று பொருள்.

என்னைப் பற்றி நானே ‘ஐ டேக் அம்ப்ரிஜ்’ என்று சொல்லலாமா?

இலக்கணம் தடுக்காது. பாராளுமன்றத்திலும் பட்டிமன்றத்திலும் ஒருவர் எழுந்து நின்று ‘ஐ டேக் அம்ப்ரிஜ் அட் தட் சஜெஸ்சன்’ என்று சொல்வதுண்டு. “அந்தக் கருத்தை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன்” என்பது போன்ற மேடைப் பேச்சு அது. கூட்டாளிகளுக்குள்ளே பகிடியாகவும் சொல்வார்கள். “உன்ர சமையல் பரவாயில்லை” என்றால் “பரவாயில்லையா? ஐ டேக் அம்ப்ரிஜ்!” என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வது ஒரு விளையாட்டு.

கடிதத்தில், அதுவும் மேலதிகாரிக்கு எழுதுகிற கடிதத்தில், என் அபிப்பிராயம்: வேண்டாம். பரந்தனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆறு மாதம் களத்தில் அலைந்து தகவல் திரட்டியவர் அவர். அச்சிட்ட அறிக்கையில் அவருடைய பெயரைக் காணவில்லை. மனம் நொந்து, அகராதியைத் தேடி, இந்தத் தொடரைப் போட்டு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருந்தார். நியாயம் முழுக்க அவர் பக்கம்தான். ஆனால் ‘ஐ டுக் அம்ப்ரிஜ்’ என்று வாசிக்கிற ஆங்கிலேயருக்கு முதலில் தெரிவது அவருடைய நியாயம் இல்லை. மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற ஒரு பெரிய மனுசர்தான் அவருக்குத் தெரிவார். ‘ஐ வொஸ் டிஸப்பொய்ன்டட் தட் மை நேம் வொஸ் லெஃப்ட் அவுட்’ என்று எழுதுங்கள். என் பெயர் விடுபட்டது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சாதாரண சொல், ஆனால் வேலை நடக்கும்.

அப்படியென்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லலாமா? அறிக்கையில் எழுதலாமா?

பெரும்பாலும் மற்றவர்களைப் பற்றித்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைச் சொல்கிற குரலைக் கவனிக்க வேண்டும்.

‘ஷீ வொஸ் ஹேர்ட்’, அதாவது அவருக்கு மனம் நொந்தது, என்று எழுதினால், எழுதுகிறவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நிற்கிறார். ‘ஷீ டுக் அம்ப்ரிஜ்’ என்று எழுதினால், இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்று புருவத்தை உயர்த்துகிறார். “இதுக்குப் போய்க் கோவிச்சுக்கொள்ளுறாவே” என்ற ஒரு சின்ன இளக்காரம் அந்தத் தொடரின் மடியில் இருக்கிறது. எப்போதும் இருக்கும் என்றில்லை. செய்தித்தாளில் “அமைச்சர் அம்ப்ரிஜ் கொண்டார்” என்று வருகிறபோது வெறும் தகவலாகவும் இருக்கலாம். ஆனாலும் வாசிக்கிறவரின் காதில் அந்தத் தொனி விழுவதற்கு இடம் உண்டு.

கலியாண வீட்டுப் பெரியப்பா விசயத்தில் இந்த இளக்காரம் பொருந்தும். எல்லாக் காயத்துக்கும் பொருந்தாது. வன்னியில் வேலை செய்கிறவர்கள் இதை நன்றாக மனதில் வைத்திருக்க வேண்டும். 2009க்குப் பிறகு இங்கே வீட்டுக்கு வீடு படிவங்களோடு ஆட்கள் போயிருக்கிறார்கள். வீட்டில் எத்தனை பேர், யார் இல்லை, எப்போதிலிருந்து இல்லை, கடைசியாக எங்கே கண்டீர்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய தொடர் போராட்டத்தில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் இந்தக் கேள்விகளுக்கு எத்தனை அமைப்புகளுக்கு, எத்தனை ஆணைக்குழுக்களுக்கு முன்னால் பதில் சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு தாய், புதிதாக வந்த ஒரு படிவத்தைப் பார்த்ததும் எழும்பி உள்ளே போய்விடுகிறார் என்று வையுங்கள். களப்பணியாளர் தன் அறிக்கையில் ‘த மதர் டுக் அம்ப்ரிஜ் அட் அவர் குவெஸ்சன்ஸ்’ என்று எழுதினால், இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த மனுசி ஏதோ விளக்கேற்றக் கூப்பிடாததற்குக் கோவித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. கொழும்பிலோ ஜெனிவாவிலோ அதை வாசிக்கிறவர் “கொஞ்சம் பொல்லாத மனுசி போல” என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

அங்கே நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். கேள்வியைக் கேட்டதும் எழும்பிப் போனார்; இதே கேள்விக்கு முன்பும் பல தடவை பதில் சொல்லியிருப்பதாக மகள் சொன்னார். அந்த உணர்வுக்குப் பெயர் வைக்கத் தேவையில்லை. பெயர் வைத்தே ஆக வேண்டும் என்றால் ‘டிஸ்ட்ரெஸ்ட்’ என்று போடுங்கள், வேதனைப்பட்டார் என்று பொருள்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘அம்ப்ரா’ என்றால் நிழல். அது பிரெஞ்சுக்குள் ‘ஒம்ப்ராஜ்’ என்று போய், அங்கிருந்து 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது பொருளும் நிழல்தான், மரத்தடி நிழல். 17ஆம் நூற்றாண்டில் அது சந்தேகம், மனக்கசப்பு என்று மாறி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ‘டேக்’ என்ற வினையோடு சேர்ந்து இன்றைய பொருளுக்கு வந்துவிட்டது.

நிழலுக்கும் கோவிப்புக்கும் என்ன தொடுப்பு என்று கேட்டால், பிரெஞ்சுக்காரரின் குதிரை கொஞ்சம் உதவும். நிழலைக் கண்டு வெருளுகிற குதிரையை அவர்கள் ‘ஒம்ப்ராஜு’ என்கிறார்கள். எளிதில் கோவித்துக்கொள்கிற, எதிலும் சந்தேகப்படுகிற ஆளுக்கும் அதே சொல்தான். வண்டில் மாடு வெருண்டு ஓடியதைக் கண்ட எங்கள் ஊர்க் கிழவர்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை.

‘அம்ப்ரெல்லா’வும் இந்தக் குடும்பம்தான். இத்தாலி வழியாக வந்தது; முதலில் வெயிலுக்குப் பிடித்தது, மழைக்கு இல்லை. விஞ்ஞானத்தில் ‘அம்ப்ரா’ இன்னும் பழைய கோலத்திலேயே இருக்கிறது, கிரகணத்தில் சந்திரன் வீழ்த்துகிற இருண்ட நடுநிழல் அது. 2019 டிசம்பர் 26இல் வடக்கில் தெரிந்த கங்கண சூரிய கிரகணத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: அன்று அந்த அம்ப்ரா பூமியைத் தொடவேயில்லை. நிழலின் கூர் வானத்திலேயே முடிந்துவிட்டது. அதனால்தான் சூரியன் முழுக்க மறையாமல் காப்புப் போல ஒரு வளையம் தெரிந்தது. சரி, விசயத்துக்கு வருவோம்.

‘டேக் ஒஃபென்ஸ்’ என்பதும் இதுவும் ஒன்றா?

கிட்டத்தட்ட. ‘டேக் ஒஃபென்ஸ்’ எல்லா இடத்துக்கும் போகும்: வீடு, பள்ளிக்கூடம், அலுவலகம், செய்தி. ‘டேக் அம்ப்ரிஜ்’ உடுத்துப்படுத்துக்கொண்டு நிற்கிற சொல். எழுத்திலும் மேடையிலும்தான் அதிகம் காணலாம். இரண்டில் எதைப் போடுவது என்று தடுமாறினால் ஒஃபென்ஸைப் போடுங்கள்.

அந்த ‘ஒஃபென்ஸ்’ என்ற சொல்லுக்குக் குற்றம் என்ற பொருளும் இருக்கிறது. தலைக்கவசம் போடாமல் ஏ9இல் ஓடினால் பொலிஸ் எழுதுகிற தண்டமும் ஒஃபென்ஸுக்குத்தான். எந்த வினை வருகிறது என்று பாருங்கள். ‘கமிட்’ வந்தால் குற்றம் செய்தல். ‘டேக்’ வந்தால் மனம் நோதல். ‘கிவ்’ அல்லது ‘கோஸ்’ வந்தால் மனதை நோகடித்தல். எழுத்துக்கூட்டலில் பிரித்தானிய முறை ‘சி’, அமெரிக்க முறை ‘எஸ்’. எங்கள் பாடசாலைகளில் ‘சி’தான்.

“பிழையா நினைக்காதேங்கோ” என்பதற்கு ‘டோன்ட் மிஸ்டேக் மீ’ என்று சொல்கிறோமே, சரியா?

இல்லை. தமிழை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்தது அது. இலங்கையிலும் இந்தியாவிலும் விளங்கிக்கொள்வார்கள். வெளியே இருப்பவருக்கு “என்னை வேறு ஆளென்று மாறி நினைக்காதே” என்ற மாதிரிக் கேட்கும். ‘டோன்ட் கெட் மீ ரோங்’ என்றால் நான் சொல்வதைப் பிழையாக விளங்காதே. ‘ப்ளீஸ் டோன்ட் டேக் திஸ் த ரோங் வே’ என்றால் இதைக் கேட்டுக் கோவிக்காதே. இரண்டாவதுதான் எங்கள் “பிழையா நினைக்காதேங்கோ”வுக்கு நேர்.

‘நோ ஒஃபென்ஸ்’ என்றும் ஒன்று இருக்கிறது. “சொல்லுறனெண்டு குறை நினையாதேங்கோ” என்று தொடங்கினால் அடுத்து ஏதோ குண்டு விழப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும்தானே. இதுவும் அந்தச் சாதி. ‘நோ ஒஃபென்ஸ்’ என்றுவிட்டு என்னவும் சொல்லலாம் என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். சொன்னது சொன்னதுதான், அது போகாது. இதை ஒருவர் உங்களிடம் சொன்னால், உங்களுக்கு உண்மையிலேயே நோகவில்லையென்றால், பதில் ‘நன் டேக்கன்’.

தோளில் சிராய் வைத்திருப்பது என்று ஒரு தொடர் இருக்கிறதே, அதுவும் இதுவா?

‘சிப் ஒன் த ஷோல்டர்’. இது அமெரிக்கச் சரக்கு. 1830இல் நியூயோர்க் பக்கம் லோங் ஐலண்டில் வெளிவந்த ஒரு பத்திரிகை, அந்த ஊர்ச் சண்டைக்காரப் பெடியளின் வழக்கம் ஒன்றை எழுதியிருக்கிறது. அடிபட முடிவெடுத்த ஒருவன் தோளில் மரச்சிராய் ஒன்றை வைத்துக்கொள்வான். மற்றவன் துணிவிருந்தால் அதைத் தட்டிவிட வேண்டும். தட்டினால் சண்டை. எங்கள் பெடியள் மண்ணில் கோடு கீறி “ஏலுமெண்டால் தாண்டடா” என்பார்களே, அந்த மாதிரி.

இன்றைய பொருள்: பழைய ஏதோ ஒரு மனக்குறையைச் சுமந்துகொண்டு, யார் என்ன சொன்னாலும் தன்னைத்தான் குத்துகிறார்கள் என்று பாய்கிற ஆள். அம்ப்ரிஜ் ஒரு சம்பவத்தோடு வருகிறது, பெரியப்பா கலியாணத்துக்கு வரவில்லை, முடிந்தது கதை. பிள்ளைப்பேற்றுக்கு யாராவது நேரில் போய்ச் சொன்னால் வந்துவிடுவார். தோளில் சிராய் உள்ளவருக்கு வருகிற சம்பவம் எல்லாமே ஒரே சம்பவம். “எங்களைப் படிக்காத சனமெண்டுதானே இப்பிடிக் கேக்கிறியள்” என்று, நேரம் கேட்டவரோடும் கொழுவுவார். இந்தத் தொடரையும் ஆளின் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. சொன்னால் சிராயைத் தட்டிவிட்ட மாதிரித்தான்.

மூக்குப் பற்றியும் ஒன்று உண்டல்லவா?

உண்டு: மூக்கு மூட்டு விலகியது என்று வரும். ‘நோஸ் அவுட் ஒஃப் ஜொய்ன்ட்’. எங்கள் ‘மூக்குடைபட்டான்’ என்பதோடு குழப்ப வேண்டாம். மூக்குடைபட்டவர் சபையில் அவமானப்பட்டவர். ஆங்கிலத்து மூக்கு விலகுவது, தன் இடத்துக்கு இன்னொருவர் வந்துவிட்டார் என்ற புகைச்சலில். தம்பி பிறந்ததும் மூத்தவனுக்கு வருகிறதும், புது உப அதிபர் வந்ததும் பழையவருக்கு வருகிறதும் இதுதான்.

‘இன் அ ஹஃப்’ என்றால்?

முகத்தை நீட்டிக்கொண்டு விறுக்கென்று எழும்பிப் போவது. பேச்சு வழக்கு. அறிக்கையில் எழுதாதீர்கள்.

ஓ.எல். கட்டுரையில் ‘டேக் அம்ப்ரிஜ்’ போட்டால் புள்ளி கூடுமா?

இடம் பொருந்தி, ‘அட்’ சரியாக வந்து, வசனம் பிசகாமல் இருந்தால் திருத்துகிறவர் சந்தோசப்படலாம். ஒரு அலங்காரத் தொடரைச் செருகுவதற்காகவே ஒரு வசனத்தைச் செய்தால் அது துருத்திக்கொண்டு தெரியும். கட்டுரை முழுக்க ‘ஐ வோஸ் வெரி ஹப்பி’ தரத்தில் ஓடிக்கொண்டிருக்க, நடுவில் திடீரென்று அம்ப்ரிஜ் கோட் சூட்டோடு வந்து நிற்கும். ‘வொஸ் ஒஃபென்டட்’ போதும், பிள்ளைகள்.

எதிர்ச்சொல் என்ன?

ஒருவர் கேலியையோ கண்டனத்தையோ பெரிதுபடுத்தாமல் சிரித்து ஏற்றுக்கொண்டால் ‘டேக் இட் இன் குட் பார்ட்’. பிரித்தானிய வழக்கு, கொஞ்சம் பழையது, நல்ல தொடர். கோவிக்கக் காரணம் இருந்தும் விட்டுவிட்டால் ‘லெட் இட் பாஸ்’.

‘எனது கருத்துகளால் யாரும் அம்ப்ரிஜ் கொள்ளவில்லை என நம்புகிறேன்’ என்று வெளிநாட்டுக்காரர் எழுதியிருக்கிறார். என்ன பதில் எழுதுவது?

ஒரு கமக்கார அமைப்பின் செயலாளர் கேட்டது. இரணைமடுத் தண்ணீரில் சிறுபோகம் செய்கிற காணிகளைப் பார்க்க வந்த ஒருவர், கூட்டம் பிந்தித் தொடங்கியதைப் பற்றி எல்லாருக்கும் முன்னால் ஒரு பகிடி விட்டிருக்கிறார். மொழிபெயர்த்த தங்கச்சி அதை அப்படியே மொழிபெயர்த்தும் விட்டா. பின்வரிசையில் இருந்த இரண்டு மூத்த கமக்காரர்கள் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனார்கள்.

யாரும் எதையும் நினைக்கவில்லை என்றால் ‘நொட் அட் ஓல்’ என்று ஒரு வரி போதும். இங்கே நினைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க ‘நொட் அட் ஓல்’ என்று எழுதுவது மரியாதை என்றுதான் எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். ஆனால் அந்த மனுசன் அதை நம்பி அடுத்த முறையும் அதே பகிடியை விடுவார். அதே நேரம் ‘யெஸ், தே டுக் அம்ப்ரிஜ்’ என்று திருப்பி எழுதினால், வயதுபோன அந்த இரண்டு பேரையும் நீங்களே சிறுபிள்ளைகளாக்கிவிடுகிறீர்கள். அவர் தன் பேச்சைப் பற்றிப் பணிவாகக் கேட்கிறபோது அந்தச் சொல்லைப் பாவிக்கலாம். நீங்கள் உங்கள் ஆட்களைப் பற்றி அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

நான் எழுதிக் கொடுத்தது இந்தக் கருத்தில்: கேட்டதற்கு நன்றி. அன்று காலையில் வாய்க்காலில் தண்ணீர் முறை இருந்தது, அதனால்தான் பிந்தினார்கள். மூத்தவர்கள் இருவருக்கு அந்தப் பகிடி கொஞ்சம் நொந்துவிட்டது. அடுத்த முறை வரும்போது அவர்களோடு இருந்து ஒரு தேத்தண்ணி குடித்தால் நல்லது.

கனடாவில் இருக்கிற மச்சான் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ‘ஐ டேக் அம்ப்ரிஜ்’ என்று போட்டிருக்கிறார். கோவமா, பகிடியா?

பக்கத்தில் சிரிக்கிற முகம் இருந்தால் பகிடி. ஒன்றும் இல்லாமல் முற்றுப்புள்ளியோடு நின்றால், பாதிக்குப் பாதி. ஆங்கிலத்தில் போட்டால் கோவம் கொஞ்சம் நாகரிகமாகத் தெரியும் என்று நினைத்திருப்பார். மேலே போய்ப் பாருங்கள்: பூப்புனித நீராட்டு விழாப் படங்களில் அவர் காசு அனுப்பிக் கட்டின பந்தல் வந்திருக்கிறதா, காணொளியில் நன்றி சொல்கிற இடத்தில் அவருடைய பெயர் இருக்கிறதா? இல்லையென்றால், குழுவில் ஆங்கிலத்தில் பதில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே விடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அக்காவைக் கொண்டு கோல் எடுப்பியுங்கள்.